பச்சைக் கோடுகள் வழியே: இங்கிலாந்து வயல்வெளியில் கிராவல் சைக்கிள் பாதை உருவாகும் விதம்

தெற்கு இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள். மேற்கே ஸ்ட்ரீட்லி, கிழக்கே கோரிங். நடுவில் ஒரு பாலம். ரிட்ஜ்வே என்ற தேசிய நெடும்பாதை இந்தப் பாலத்தின் மீதுதான் ஆற்றைக் கடக்கிறது. ஏவ்பரி கல்வட்டத்துக்கு அருகில் ஓவர்ட்டன் ஹில்லில் தொடங்கி, ஐவிங்கோ பீக்கன் குன்றில் முடியும் 139 கிலோமீட்டர் பாதை அது. மேற்கிலிருந்து சைக்கிளில் வருபவர் ஏறத்தாழ 70 கிலோமீட்டரை முகட்டின் மேலேயே ஓட்டி வந்து, ஆற்றங்கரைக்கு இறங்கி, பாலத்தைக் கடந்து கோரிங்கில் ஒரு டீ குடிக்கலாம். அதற்கப்புறமும் அதே பெயர்தான், ஓக் மரத்துக் கொட்டையைச் சின்னமாகப் பொறித்த அதே வழிகாட்டிக் கம்பங்கள்தான். ஆனால் இங்கிருந்து பாதையின் பெரும்பகுதியில் சைக்கிள் ஓட்ட அவருக்கு உரிமை கிடையாது.

மண் மாறிவிடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சில்ட்டர்ன் குன்றுகளும் அதே சுண்ணப்பாறைதான். மாறியது, பொதுவழிகளைக் காட்ட வரைபடத்தில் போடும் பச்சைக் கோட்டின் வகை மட்டும். இங்கிலாந்தின் ஏற்ற இறக்கமான வயல்வெளிகள் வழியே போகும் எந்த கிராவல் பாதையை எடுத்தாலும் இப்படித்தான். அது ஏன் இங்கே திரும்புகிறது, ஏன் திடீரென்று தார்ச்சாலைக்கு இறங்குகிறது என்று கேட்டால் பதில் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, டயருக்குக் கீழே என்ன மண் என்பது. இன்னொன்று, 1950களில் ஒரு கிராமத்தில் யாரோ ஒருவர் படிவத்தில் என்ன எழுதினார் என்பது. நிலமும் சட்டமும் சேர்ந்து நெய்த துணி போன்றவை இந்தப் பாதைகள். அந்த நெசவைப் புரிந்துகொண்டு ஓட்டும்போது கிடைக்கும் சுகம் தனி.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். நம்மூரில் கிராவல் என்றால் சாலை போட லாரியில் வந்து கொட்டும் சரளை மண். அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட அதுதான். கான்சஸ் போன்ற மாநிலங்களில் பண்ணைகளுக்கு இடையே கட்டம் கட்டமாக ஓடும் கிராமச் சாலைகளுக்கு உடைகல் பரப்பி விட்டுவிடுவார்கள், தார் போடுவதில்லை. அங்கே எம்போரியா என்ற ஊரில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம்தான் கிராவல் சைக்கிள் என்ற வகையே வளர முக்கியக் காரணம். இன்று அதன் பெயர் அன்பவுண்ட். ரேஸ் சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார், 40 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமான டயர், டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கு இலகுவான கியர். மலைச் சைக்கிளை விட வேகம், ரேஸ் சைக்கிளை விடப் பொறுமை என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் அப்படிப்பட்ட சரளைச் சாலைகள் பொதுவாக இல்லை. கார்கள் கிளப்பிய புழுதியைத் தாங்க முடியாமல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கிராமச் சாலைகளுக்குக்கூட தார் போட்டுவிட்டார்கள். அகலமான சரளைச் சாலை வேண்டும் என்றால் வடக்கே கீல்டர் போன்ற வனத்துறைக் காடுகளுக்குத்தான் போக வேண்டும். வயல்வெளியில் மிஞ்சியிருப்பவை தார் போடத் தேவையில்லை என்று விட்டுவிடப்பட்ட வழிகள்: வண்டிப்பாதை, குதிரைப் பாதை, மாடு ஓட்டிய தடம், பண்ணைக்குப் போகும் கல்பாதை. இவற்றில் சைக்கிள் ஓட்டும் பழக்கமும் புதிதல்ல. 1955இல் ஹெர்ஃபர்ட்ஷயரின் லெம்ஸ்டர் ஊரில், பிளாக் ஸ்வான் என்ற விடுதியில் கூடியவர்கள் ‘ரஃப்-ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கார்கள் நிறைந்துவிட்ட சாலையை விட்டு விலகி, கரடுமுரடான வழிகளில் சாதாரணச் சைக்கிளைக் கொண்டு போவதே அவர்கள் நோக்கம். இன்றைய கிராவல்காரர்களின் உண்மையான மூதாதையர் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தின் குறுக்கே பொதுமக்கள் போகும் உரிமை நூற்றாண்டுகளாக உண்டு. நிலம் விவசாயியுடையது, அதன் மேல் நடந்துபோகும் உரிமை எல்லோருடையதும். ‘ஒருமுறை பொதுவழி, என்றும் பொதுவழி’ என்பது அந்நாட்டு நீதிமன்றங்கள் காலங்காலமாகச் சொல்லும் விதி. இந்தப் பொதுவழிகள் நான்கு வகை. நடப்பவர்களுக்கு மட்டுமான நடைவழிக்கு மஞ்சள் அம்பு. பிரிடில்வே என்ற குதிரைவழிக்கு நீல அம்பு. அதில் நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளும் ஓட்டலாம். குதிரை வண்டியையும் அனுமதித்து மோட்டார் வண்டியை மட்டும் தடுக்கும் ‘ரெஸ்ட்ரிக்டட் பைவே’க்கு ஊதா. எல்லா வண்டிகளுக்கும் திறந்த பைவேக்கு சிவப்பு. வயலின் மூலையில் நிற்கும் மரக்கம்பத்தில் உள்ளங்கை அளவு வட்டத்தகடு ஒன்று அடித்திருப்பார்கள். அந்த அம்பின் நிறம்தான் சைக்கிள்காரரின் விதி. மொத்தப் பொதுவழிகளில் மஞ்சள் அம்பு போக, சைக்கிளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

அந்த ஐந்தில் ஒரு பங்கிலும் பெரும்பகுதி பழைய உரிமை அல்ல. குதிரைவழிகளில் சைக்கிள் ஓட்டலாம் என்று அனுமதித்தது 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம். அதுவும் இரண்டு நிபந்தனைகளோடு. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்பது ஒன்று. சைக்கிளுக்கு ஏற்றபடி பாதையைச் சீர்செய்து தர வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்பது இன்னொன்று. அதனால்தான் முழங்கால் அளவு புல்லும், குளம்பு பதிந்து குழியான சேறும், குதிரைமேல் இருந்தபடி திறக்க வசதியாக உயரமான தாழ்ப்பாள் வைத்த கேட்டும் இந்தப் பாதைகளில் சாதாரணம். குதிரைக்குப் போதும் என்றால் சட்டத்துக்குப் போதும்.

எந்த வழி எந்த வகை என்று முடிவானது எப்படி என்பதுதான் இதில் எனக்கு மிகவும் உறுத்தும் பகுதி. 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டம், ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் பகுதியிலுள்ள பொதுவழிகள் அனைத்தையும் குறித்து ஓர் அதிகாரபூர்வ வரைபடம் தயாரிக்க வேண்டும் என்றது. கணக்கெடுப்பு வேலை கீழே கிராம மன்றங்களுக்குப் போனது. சில ஊர்களில் ஆர்வமுள்ள ஆசிரியரோ ஓய்வுபெற்றவரோ ஒவ்வொரு வழியாக நடந்து பார்த்துக் கவனமாக எழுதினார்கள். சில ஊர்களில் மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களே நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். அங்கே கணக்கு வேறு மாதிரி வந்தது. அந்தக் காலத்தில் வண்டிகள் நின்றுபோய் மக்கள் நடந்துகொண்டிருந்ததால், பல நூறு ஆண்டுகள் வண்டி ஓடிய பாதைகளும் நடைவழி என்றே பதிவாயின. விளைவை இன்றும் ஆர்டனன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தில் கண்ணால் பார்க்கலாம். நீளமான பச்சைக் கோடுகளாக ஒரு குதிரைவழி குன்றின் மேல் ஏறிப் போகும். கிராம எல்லையைத் தொட்டதும் அது குட்டைக் கோடுகளாகச் சுருங்கும். அதாவது நடைவழி. நிலத்தில் போய்ப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, அதே வேலி, அதே தடம். குதிரையில் வந்தவர் எல்லையில் இறங்கி, குதிரையைத் தோளில் சுமந்துகொண்டா போயிருப்பார்?

நடைவழியில் சைக்கிள் ஓட்டுவது பொதுவாகக் குற்றமல்ல. நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறல் என்ற உரிமையியல் விஷயமாகவே அது பார்க்கப்படுகிறது. ஆனாலும் பாதை வகுப்பவர்கள் அதை நம்பிப் பாதை போட முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபின் நிலைமையே வேறு: பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளும் ஓட்டலாம். ஒரே தீவில் இரண்டு மனநிலை.

இனி மண். இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் எழுந்து தாழும் அந்த மெத்தென்ற குன்றுகளில் பெரும்பாலானவை சாக் என்ற மென்மையான வெண்சுண்ணப்பாறை. சாக்பீஸுக்குப் பெயர் தந்த கல். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கும் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் இடையில், வெதுவெதுப்பான கடலின் அடியில் நுண்ணிய பாசிகளின் ஓடுகள் படிந்து உருவானது. பின்னர் நிலம் மடங்கி எழுந்தபோது இந்தப் பாறை ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் மெல்லச் சரிந்தும் நின்றுவிட்டது. ரிட்ஜ்வே ஓடுவது அந்தச் செங்குத்தின் உச்சியில். இடது கைப்பக்கம் திரும்பினால் நிலம் சட்டென்று விழுந்து, கீழே களிமண் சமவெளியில் ஊர்களும் உயிர்வேலிகளும் கட்டம் கட்டமாகத் தெரியும். வலது பக்கம் பார்லியும் கோதுமையும் மே மாதத்தில் மஞ்சள் பூக்கும் ரேப்சீடும் அலையலையாக இறங்கிப் போகும். மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டினால்தான் இந்தக் காட்சி இப்படி. தென்மேற்குக் காற்றும் பெரும்பாலான நாள் முதுகில் இருக்கும்.

சாக் மழைநீரை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடும். மரமும் சதுப்பும் நிறைந்த பள்ளத்தை விட்டுப் பழங்கால மனிதர்கள் முகட்டில் நடந்ததற்கு அதுதான் காரணம் என்பார்கள். சைக்கிளுக்கும் அதுவே காரணம். ஒரு வாரம் வெயில் அடித்தால் முகட்டுப் பாதை வெள்ளை ரிப்பன் போல இறுகிவிடும், டயர் சத்தமே மாறும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நான் முதன்முதலில் ரிட்ஜ்வேயில் ஓட்டப் போனது ஒரு பிப்ரவரியில், இரண்டு நாள் மழைக்கு அடுத்த காலை. நனைந்த சாக்கின் மேற்பரப்பு அரைத்த சந்தனம் மாதிரி ஆகிவிடுகிறது. வழுக்கும். டிராக்டர் ஓடிய தடத்துக்குள் முன்சக்கரம் இறங்கினால் அது போகும் இடத்துக்குத்தான் நாமும் போக வேண்டும். 20 கிலோமீட்டரில் மூன்று முறை விழுந்தேன். நான்காவது முறை விழுவதற்கு முன் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

அதைவிட மோசமானது களிமண். சில்ட்டர்ன் குன்றுகளின் உச்சியில் சாக்கின் மேல் கல்லும் களியும் கலந்த ஒரு படலம் போர்வை போலக் கிடக்கிறது. செங்குத்தின் அடிவாரத்தில் கால்ட் எனப்படும் நீலச்சாம்பல் களிமண். சசெக்ஸின் வீல்ட் பகுதியின் தாழ்நிலங்களில் களிமண். எசெக்ஸ், சஃபோக் வயல்களில் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய கனத்த களி. இந்த மண் டயரோடு ஒட்டி, டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். கோடையில் அதே மண் சுட்ட செங்கல்லாகிறது. குளிர்காலத்தில் குதிரைகள் பதித்த குளம்புக் குழிகள் அப்படியே இறுகி, பல் ஆடும்படி குலுக்கும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒரே பகுதிக்கு இரண்டு பாதைகள் வைத்திருப்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை ஒன்று, மீதி மாதங்களுக்கு மணலும் சாக்கும் மட்டும் தேடிப் போகும் இன்னொன்று. வரைபடத்தைப் போலவே புவியியல் படத்தையும் விரித்து வைத்துக்கொண்டு பாதை போடுவதை இங்கே வேடிக்கையாகப் பார்க்கக் கூடாது. அதுதான் சரியான முறை.

டயரைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் மண் விஷயம்தான். சாக் பாறைக்குள் வரிவரியாகச் சிக்கிமுக்கிக் கற்கள் இருக்கும். கற்கால மனிதன் கோடரி செய்த அதே கல். நார்ஃபோக்கில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே இதற்காக 400க்கும் மேற்பட்ட குழிகள் தோண்டியிருக்கிறார்கள். உடைந்தால் கண்ணாடி போல விளிம்பு. உழவில் மேலே வந்து, வண்டிச் சக்கரத்தில் நொறுங்கி, பாதையெல்லாம் கிடக்கும் இந்தச் சில்லுகள் மெல்லிய டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். அப்புறம் முள். உயிர்வேலிகளைப் பறவைகள் கூடு கட்டும் காலமான மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் பொருத்திய வெட்டுக்கருவியோடு விவசாயிகள் இறங்குவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் பாதை நெடுகச் சிதறிக் கிடக்கும். டியூப் இல்லாத டயரில், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றி, 30-35 பிஎஸ்ஐ காற்றோடு ஓட்டுவது அமெரிக்காவில் சொகுசுக்காக இருக்கலாம். செப்டம்பர் மாதத்து பெர்க்‌ஷயரில் அது வீடு போய்ச் சேர்வதற்காக.

தண்ணீரும் இந்தப் பாறையின் கணக்குத்தான். உறிஞ்சிய மழையெல்லாம் அடிவாரத்தில், சாக்கும் களிமண்ணும் சந்திக்கும் கோட்டில் ஊற்றாக வெளிவருகிறது. அதனால்தான் ஊர்கள் எல்லாம் முகட்டுக்குக் கீழே ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. மேலே ஊர் இல்லை, கடை இல்லை, ஆறு இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால் நூறு மீட்டர் உயரத்துக்கு மேல் இறங்கி, பிறகு அதே உயரத்தை ஏற வேண்டும். ரிட்ஜ்வேயின் மேற்குப் பகுதியில் பாதையோரமாக ஒரு குழாய் இருக்கிறது, நாட்டுப்புறத்தை நேசித்த ஒரு சிறுவனின் நினைவாக வைத்தது. கோடையில் அந்தக் குழாயடியில் குதிரைக்காரர், நடைபயணி, சைக்கிள்காரர் என்று எல்லோரும் நின்று பேசுவதைப் பார்க்கலாம். தண்ணீர்ப் பந்தலின் அருமை தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வழிகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரே கதை கிடையாது. வேல்ஸிலிருந்து லண்டன் சந்தைக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்கள் சுங்கச் சாவடிக் கட்டணத்தைத் தவிர்க்க முகட்டுப் புல்வழிகளைப் பிடித்தார்கள். மந்தை பரவி நடக்க இடம் வேண்டும், வழியில் மேய வேண்டும். அதனால் இன்றும் அவை அகலமாக, இரண்டு பக்கமும் புல்லோடு இருக்கின்றன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான வேலியடைப்புச் சட்டங்களை இயற்றிப் பொதுநிலங்களைப் பிரித்துத் தனியாருக்குக் கொடுத்தது. சிறு குடியானவர்கள் மேய்ச்சல் உரிமையை இழந்தார்கள். அந்தப் பங்கீட்டின்போது நில அளவையாளர்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரான வழிகளை, பல இடங்களில் 40 அடி அகலத்துக்கு, ஒதுக்கினார்கள். அவற்றில் பல பிற்பாடு தார்ச்சாலை ஆயின. தேவைப்படாமல் போனவை இரண்டு வேலிகளுக்கு இடையே பச்சையாகவே கிடக்கின்றன. கிராவல் சைக்கிளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அதன் நேர்க்கோட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பறிப்பு இருக்கிறது என்பதை மறக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆதாயமில்லாத ரயில் தடங்களை மூடச் சொல்லி 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கைக்குப் பின் மூடப்பட்ட ரயில் தடங்கள் இன்னொரு வகை. சாம்பலும் ஜல்லியும் கலந்த தட்டையான தரை. இரண்டாம் உலகப் போரின் விமானத்தளங்களைச் சுற்றிப் போட்ட கான்கிரீட் தடங்கள் கிழக்கு இங்கிலாந்தில் இன்றும் பண்ணைப் பாதைகளாக இருக்கின்றன.

இவற்றையெல்லாம் கோத்து ஒரு நீண்ட பாதை ஆக்குவது எப்படி என்பதற்கு மிகச் சிறந்த உதாரணம் கிங் ஆல்ஃபிரட்ஸ் வே. 1878இல் தொடங்கிய சைக்கிள் சங்கமான சைக்கிளிங் யூகே 2020 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. வின்செஸ்டரில் ஆல்ஃபிரட் மன்னன் சிலையடியில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் 350 கிலோமீட்டர் வட்டம். ஆல்ஃபிரட் 9ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டை ஆண்டவர்; பிறந்த ஊரான வான்டேஜ் ரிட்ஜ்வேயின் அடிவாரத்தில் இருக்கிறது. இந்தப் பாதை போடப்பட்டதன் பின்னணி நான் முதலில் சொன்ன அந்தப் பாலம்தான். தேசிய நெடும்பாதைகளில் முழு நீளத்துக்கும் சைக்கிளும் குதிரையும் போகக்கூடியவை சவுத் டவுன்ஸ் வே, பென்னைன் பிரிடில்வே என இரண்டே. மற்றவற்றில் துண்டு துண்டாகத்தான் உரிமை. சரி, துண்டுகளையே சேர்ப்போம் என்று முடிவெடுத்து, சவுத் டவுன்ஸ் வே, நார்த் டவுன்ஸ் வே, ரிட்ஜ்வே, தேம்ஸ் பாத் ஆகிய நான்கின் சைக்கிள் ஓட்டத்தக்க பகுதிகளை பைவேக்களாலும் சிறு சாலைகளாலும் இணைத்தார்கள்.

இதன் மேற்குப் பகுதி சாலிஸ்பரி சமவெளியைக் கடக்கிறது. ராணுவப் பயிற்சி நிலம். 1943 நவம்பரில் இம்பர் என்ற ஊரையே காலி செய்யச் சொன்னார்கள், மக்கள் திரும்பிவர அனுமதி கிடைக்கவில்லை. அந்தச் சோகத்தின் இன்னொரு பக்கம், ராணுவத்தின் கையில் இருந்ததால் நவீன உழவும் உரமும் அங்கே பெரும்பகுதிக்குப் போகவில்லை. வடமேற்கு ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய சாக் புல்வெளி இன்று அதுதான். சிவப்புக் கொடி பறந்தால் துப்பாக்கிச் சுடும் பயிற்சி. அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. அதைத் தாண்டினால் ஏவ்பரி, அப்புறம் ரிட்ஜ்வே. 261 மீட்டர் உயரமுள்ள ஒயிட்ஹார்ஸ் ஹில்லில், புல்லைச் செதுக்கிச் சாக்கை நிரப்பி வரைந்த வெள்ளைக் குதிரை, 110 மீட்டர் நீளம், சுமார் 3,000 ஆண்டு வயது. சும்மா விட்டால் புல் மூடிவிடும். ஆகவே தலைமுறை தலைமுறையாக மக்கள் வந்து சாக்கைக் கொட்டி, சுத்தியலால் அடித்துப் புதுப்பிக்கிறார்கள். தென்கிழக்கே ஹைண்ட்ஹெட் அருகில் நிலைமை இன்னும் சுவையானது: 2011இல் சுரங்கச்சாலை திறந்தபின், பெரும் பள்ளத்தின் விளிம்பில் ஓடிய பழைய நெடுஞ்சாலையைப் பெயர்த்து எடுத்து மூடி, நிலத்தைப் புதர்க்காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லாரிகள் உறுமிய இடத்தில் இப்போது பறவைச் சத்தம்.

குளிர்காலத்திலும் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு நான் நார்ஃபோக்கைத்தான் சொல்வேன். பிரெக்லேண்ட் பகுதி மணற்பாங்கானது, பிரிட்டனிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. பெடர்ஸ் வே என்ற ரோமானியச் சாலை அங்கிருந்து வடக்கே கடலை நோக்கி 74 கிலோமீட்டர் கிட்டத்தட்ட நேராகப் போகிறது. 2022இல் சைக்கிளிங் யூகே வெளியிட்ட ரெபெல்லியன் வே நார்விச்சில் தொடங்கி மாவட்டத்தைச் சுற்றிவரும் 373 கிலோமீட்டர் பாதை. குன்றுகள் சிறியவை என்பதால் எளிது என்று நினைத்துவிட வேண்டாம், எதிர்க்காற்று ஒரு குன்றுக்குச் சமம்.

இந்தப் பாதைகளில் சைக்கிள்காரர் விருந்தாளி என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. குதிரைவழிகளைக் காக்க நீண்ட காலமாகப் போராடி வருபவர்கள் குதிரைக்காரர்கள். அந்த உழைப்பின் பலனில்தான் நாமும் ஓட்டுகிறோம். கோரிங்கிலிருந்து வடகிழக்காகப் போகும் ஸ்வான்ஸ் வே, குதிரைக்காரர்களே தங்களுக்காக உருவாக்கிய பாதை. ரிட்ஜ்வேயில் உரிமை இழக்கும் சைக்கிள்காரருக்கு அதுவும் ஒரு மாற்று. பின்னால் சத்தமில்லாமல் வரும் சைக்கிளைக் குதிரை வேட்டையாடும் மிருகமாகத்தான் எடுத்துக்கொள்ளும். மணியை விட மனிதக் குரல் மேல்: தூரத்திலேயே வணக்கம் சொல்லி, வேகத்தைக் குறைத்து, போகச் சொன்னபின் அகலமாக விலகிப் போக வேண்டும். லேம்போர்ன் சுற்றுவட்டாரத்தில் பந்தயக் குதிரைகளின் பயிற்சித் தடங்கள் ரிட்ஜ்வேயை ஒட்டியே இருக்கின்றன, காலை நேரத்தில் அங்கே இரட்டைக் கவனம் தேவை.

விவசாயியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வயலின் குறுக்கே போகும் வழியை அவர் உழலாம். ஆனால் 14 நாட்களுக்குள் மீண்டும் நடக்கத்தக்கதாகச் செய்ய வேண்டும், குதிரைவழி என்றால் குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்கு. வரப்போரமாகப் போகும் வழியை உழவே கூடாது. இது 1990ஆம் ஆண்டுச் சட்டம். பெரும்பாலானவர்கள் சொன்னபடி செய்கிறார்கள். பச்சைக் கோதுமைக்கு நடுவே வகிடு எடுத்தது போன்ற வழியைப் பார்க்கும்போது அதன் பின்னால் ஒருவரின் டீசலும் நேரமும் இருப்பது நினைவுக்கு வர வேண்டும். 2001இல் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன, நாடெங்கும் பொதுவழிகள் மூடப்பட்டன. அதைப் பார்த்தவர்கள் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற சைக்கிள்காரர் மீது கோபப்பட்டால் அது நியாயமான கோபம். திறந்திருந்த கேட் திறந்தே இருக்கட்டும், மூடியிருந்தது மூடியே இருக்கட்டும். கன்றோடு மாடுகள் நின்றால் இறங்கி, நடுவில் சைக்கிளை வைத்துத் தள்ளிக்கொண்டு, சுற்றிப் போவது நல்லது.

பச்சைக் கோடுகள் முடிந்த கதையும் அல்ல. அதிகாரபூர்வ வரைபடத்தில் தவறு இருந்தால் ஆதாரம் காட்டித் திருத்தலாம். வேலியடைப்புத் தீர்ப்புகள், தேவாலயத்துக்குக் கட்டிய தசமபாக வரிக்காக 1836ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வரைந்த வரைபடங்கள், 1910ஆம் ஆண்டு நில வரிக் கணக்கெடுப்பின் தாள்கள், இவற்றில் அந்த வழி வண்டிப்பாதையாகவோ குதிரைவழியாகவோ காட்டப்பட்டிருந்தால் வழக்கு பலமாகும். குதிரைக்காரர்களும் சைக்கிள்காரர்களும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்துவருகிறார்கள். 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புறம் மற்றும் வழியுரிமைச் சட்டம் இதற்கு 2026 ஜனவரி 1 என்று கெடு வைத்தது. அதற்குள் பதிவாகாத பழைய வழிகளின் உரிமை அழிந்துபோகும் என்றது. பிறகு கெடு 2031க்குத் தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் அரசு கெடுவையே நீக்கப்போவதாக அறிவித்தது. நிம்மதிதான். ஆனாலும் விண்ணப்பங்கள் மாவட்ட அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருக்கின்றன, அதுவரை கிராம எல்லையில் நீல அம்பு மஞ்சளாக மாறிக்கொண்டேதான் இருக்கும். அங்கே வந்து நிற்கும் சைக்கிள்காரருக்கு இன்றைக்கு இருக்கும் வழி, இறங்கித் தார்ச்சாலையில் சுற்றிக்கொண்டு, அடுத்த நீல அம்பைத் தேடிப் போவதுதான்.